கனடாவில் ஆர்க்கிடெக்சுரல் டெக்னாலஜிஸ்ட் ஆவது நல்ல முடிவா? அது ஆர்க்கிடெக்ட் ஆக முடியாதவர்கள் பார்க்கும் வேலையா?

கோவையில் சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு ஒன்டாரியோவில் இந்தப் படிப்புக்கு விண்ணப்பிக்க நினைக்கிறேன், ஆனால் சொந்தக்காரர் ஒருவர் "அது வெறும் டிராஃப்ட்ஸ்மேன் வேலை" என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் டொரோண்டோ பக்கம் இந்த வேலையில்தான் பல ஆண்டுகளாக இருக்கிறேன். அவர் சொல்வது சரியில்லை.

ஒரு கட்டடத்தில் எந்த அறை எங்கே வர வேண்டும், வெளிச்சம் எப்படி விழ வேண்டும், பார்ப்பதற்கு எப்படி இருக்க வேண்டும் என்பதில் ஆர்க்கிடெக்டின் கை ஓங்கியிருக்கும். அந்தச் சுவருக்குள் எத்தனை அடுக்கு, எந்த அடுக்கு எதற்குப் பின்னால், ஜன்னல் ஓரத்தில் புகும் மழைநீர் எந்த வழியாக வெளியே வரும், ஒரு வீட்டில் தீப்பிடித்தால் பக்கத்து வீட்டுக்குப் பரவ எவ்வளவு நேரம் ஆகும் என்பதையெல்லாம் யோசித்து வரைந்து, பெர்மிட் வாங்கி, சைட்டில் அப்படியே கட்டுகிறார்களா என்று பார்ப்பது எங்கள் வேலை. வரைவது அதில் ஒரு பகுதிதான். ரெவிட் என்ற கட்டட வரைபட மென்பொருளை யார் வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம். இரண்டு பொருள்கள் சேரும் இடத்தில் என்ன நடக்கும் என்று தெரிந்து வரைய நாளாகும்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. ஒன்டாரியோவின் வடபகுதியில் எலியட் லேக் என்று ஒரு சிற்றூர். அங்கே 1980இல் திறந்த ஆல்கோ சென்டர் மாலுக்கு மொட்டைமாடிதான் கார் நிறுத்துமிடம். ஆரம்பத்திலிருந்தே தளம் ஒழுகியது. வாளி வைத்தார்கள், ஒட்டுப்போட்டார்கள், முழுசாகச் சரிசெய்யவே இல்லை. பனிக்காலத்தில் போடும் உப்பு கலந்த தண்ணீர் பல ஆண்டுகள் கசிந்து இரும்பு இணைப்பைத் தின்றது. 2012 ஜூன் 23 அன்று மேல்தளத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்து இரண்டு பெண்கள் இறந்தார்கள். புயலும் இல்லை, நிலநடுக்கமும் இல்லை. தண்ணீரைத் தடுக்க வேண்டிய அடுக்கு தன் வேலையைச் செய்யவில்லை, அவ்வளவுதான். அந்த அடுக்கை வரையும் ஆளைச் சின்ன ஆள் என்று சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

நம்மூரில் படித்து வருபவர்களுக்கு இங்கே புதிதாக இருப்பது குளிர். டொரோண்டோவில் அஸ்திவாரம் தரைமட்டத்திலிருந்து குறைந்தது 1.2 மீட்டர் கீழே போக வேண்டும். இல்லாவிட்டால் மண்ணிலுள்ள ஈரம் உறைந்து உப்பி, அஸ்திவாரத்தையே தூக்கிவிடும். வீட்டுக்குள் இருக்கும் சூடான ஈரக்காற்று சுவருக்குள் நுழைந்து குளிர்ந்த பலகையில் பட்டால் நீராகிவிடும், பிறகு பூஞ்சை, பிறகு மரம் அழுகல். அதனால் குளிரைத் தடுக்கச் சுவருக்குள் வைக்கும் இன்சுலேஷனுக்கு உட்புறமாக பாலித்தீன் விரிப்பு வருகிறது. சென்னையில் ஏசி ஓடும் வீட்டில் ஈரம் வெளியிலிருந்து உள்ளே வரப் பார்க்கும், அங்கே இதே விரிப்பை இதே இடத்தில் வைத்தால் கெடுதல். சிவில் டிப்ளமோவில் கான்கிரீட்டும் சர்வேயும் நன்றாகக் கற்றிருப்பீர்கள். இந்தக் கட்டட அறிவியலைத்தான் இங்கே முதலிலிருந்து கற்க வேண்டியிருக்கும். எனக்கு மிகவும் பிடித்த பாடமும் அதுதான்.

சரி, சட்டப்படி என்ன செய்யலாம்? ஒன்டாரியோவில் மூன்று மாடிக்கு மேலோ 600 சதுர மீட்டருக்கு மேலோ போகும் கட்டடத்தைப் பொதுவாக உரிமம் பெற்ற ஆர்க்கிடெக்ட்தான் வடிவமைக்க வேண்டும். கோயில், பள்ளிக்கூடம் என்று மக்கள் கூடும் இடமானால் அளவு சிறிதானாலும் அப்படித்தான். அதற்குள் அடங்கும் வீடுகளுக்கும் சிறு கட்டடங்களுக்கும், மாகாணம் நடத்தும் தேர்வுகளை எழுதி பி.சி.ஐ.என். என்ற கட்டட விதித் தகுதி எண் வாங்கினால் நீங்களே பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போடலாம். சொந்தமாகத் தொழில் செய்ய காப்பீடும் பதிவும் வேண்டும். அதோடு ஒன்டாரியோ டெக்னாலஜிஸ்டுகளின் சங்கமான OACETT-இல் சேர்ந்து, அனுபவமும் தொழில்முறைத் தேர்வும் முடித்து சி.இ.டி. (சான்று பெற்ற இன்ஜினியரிங் டெக்னாலஜிஸ்ட்) என்ற தகுதியும் பெறலாம்.

இந்தச் சின்ன எல்லைக்குள் எவ்வளவு வேலை இருக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. டொரோண்டோ 2018இல் சந்துப் பக்கம் சிறு வீடு கட்ட அனுமதிக்கத் தொடங்கியது, 2022இல் தோட்டத்தில் கட்ட, 2023இல் ஒரே மனையில் நான்கு குடியிருப்பு வரை கட்ட. இவற்றோடு பேஸ்மென்ட், அதாவது தரைக்குக் கீழே இருக்கும் தளத்தைக் குடியிருப்பாக மாற்றும் வேலை. டொரோண்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில் பேஸ்மென்ட்டில் குடியிருந்த தமிழர் பலர். அந்தப் படுக்கையறை ஜன்னலில் 0.35 சதுர மீட்டர் திறப்பு இருக்கிறதா, எந்தப் பக்கமும் 380 மில்லிமீட்டருக்குக் குறையவில்லையா என்று நாங்கள் அளப்பது, தீப்பிடித்த இரவில் உள்ளே தூங்கும் மாணவர் அதன் வழியாக வெளியேற முடிய வேண்டும் என்பதற்காக. வீட்டுக்காரர் செலவைக் குறைக்கச் சொல்லும்போதும் இந்த அளவில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

படிப்பு விஷயத்துக்கு வருகிறேன். சென்டென்னியல், ஜார்ஜ் பிரவுன், ஹம்பர் போன்ற கல்லூரிகளில் மூன்றாண்டு அட்வான்ஸ்டு டிப்ளமோ இருக்கிறது. இரண்டாண்டில் முடிவது டெக்னீஷியன் படிப்பு. முடிந்தால் மூன்றாண்டையே எடுங்கள், படிப்பின் நடுவே நிறுவனத்தில் சம்பளத்தோடு வேலை பழகும் கோ-ஆப் பயிற்சி உள்ளதாகப் பாருங்கள். ஆனால் பணம் கட்டும் முன் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். 2024 நவம்பர் 1 முதல் மாணவர் விசாவுக்கு விண்ணப்பிப்பவர்கள் கல்லூரி டிப்ளமோ முடித்து வேலை அனுமதி பெற, படித்த துறை அரசின் பட்டியலில் இருக்க வேண்டும். பட்டியல் மாறக்கூடியது. ஏஜென்ட் சொல்வதை நம்பாமல் அரசு இணையதளத்தில் உங்கள் படிப்பின் எண்ணைப் போட்டு நீங்களே பாருங்கள். பட்டியலில் இல்லையென்றால், வேலை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கடன் வாங்கி வர நான் சொல்ல மாட்டேன்.

பிறகு ஆர்க்கிடெக்ட் ஆகலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆகலாம், நீண்ட வழி. அங்கீகாரம் பெற்ற எம்.ஆர்க். என்ற முதுநிலைப் பட்டம், 3,720 மணி நேரப் பயிற்சி, அப்புறம் தேர்வு. அந்த எண்ணம்தான் முதன்மை என்றால் இதைக் குறுக்கு வழியாக நினைத்து வராதீர்கள். நேராக ஆர்க்கிடெக்சர் பட்டப்படிப்புக்குப் போவதுதான் உங்களுக்கு நல்லது.

முடிவெடுக்கும் முன் ஒரு காரியம் செய்து பாருங்கள். உங்கள் வீட்டு மொட்டைமாடிக்குப் போய், தட்டோட்டில் விழும் மழைநீர் எந்தச் சாய்வில் ஓடி, கைப்பிடிச் சுவரின் அடியைத் தொட்டு, எந்தக் குழாயில் இறங்குகிறது என்று பார்த்து, அந்த மூலையின் குறுக்குவெட்டை, அதாவது செக்‌ஷனை 1:5 அளவில் கையால் வரையுங்கள். கண்ணுக்குத் தெரியாத அடுக்குகள் என்னவென்று மேஸ்திரியிடம் கேளுங்கள். இந்த வேலை அலுப்பாக இருந்தால் வேறு துறை பாருங்கள். கேள்விமேல் கேள்வியாக வந்தால் தைரியமாக விண்ணப்பியுங்கள். எந்தக் கல்லூரியில் இடம் கிடைக்கிறது என்று கீழே எழுதினால், பாடத்திட்டத்தைப் பார்த்து என் கருத்தைச் சொல்கிறேன்.