கிருஷ்ணகிரி வீட்டில் வைக்க 9 அடி பூல் டேபிள்: டயமண்டா, கோல்டு கிரவுனா, ராசனா? நம்ம ஊர் கிரானைட்டிலேயே செய்தால் ஆகாதா?

நீங்கள் கேட்ட மூன்று பெயரும் வெளிநாட்டு பூல் டேபிள்கள், அவற்றுக்குப் பிறகு வருகிறேன். நம்ம ஊர் கிரானைட்டில் செய்யலாமா என்ற கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆகாது. செய்து பார்த்தவன் சொல்கிறேன்.

அப்பா கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் கிரானைட் பாலிஷ் பட்டறை வைத்திருந்தார், இப்போது நானும் தம்பியும் பார்த்துக்கொள்கிறோம். பூல் பழகியது ஓசூரில் வேலைக்குப் போன நாட்களில். ஒன்பதாம் பந்தைப் போட்டவர் ஜெயிக்கும் நைன் பால் ஆட்டம் பிடித்துப்போய், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை பஸ் ஏறி பெங்களூர் போய் நாள் முழுக்க ஆடிவிட்டு ராத்திரி வீடு திரும்புவேன். நாலு வருஷம் அப்படி ஓடியபின் வீட்டிலேயே டேபிள் போடலாம் என்று தோன்றியது. பட்டறை முழுக்கக் கல் கிடக்கிறது, டேபிள் துணிக்கு அடியில் போடும் ஸ்லேட் கல்லை இத்தாலியிலிருந்து எதற்கு வரவழைக்க வேண்டும் என்று நீங்கள் கேட்பதைத்தான் அன்று நானும் கேட்டேன்.

பாரடைசோ என்ற கிரானைட் வகை ஸ்லாபில் நல்லதாக இரண்டு எடுத்து, 20 மில்லிமீட்டர் கனத்தில் அறுத்து, தெரிந்த ஆசாரியிடம் வேங்கை மரத்தில் சட்டம் போட்டு, மேலே துணி இழுத்துக் கட்டினோம். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. முதல் நாள் சாயங்காலம் நீளக் குஷன் (ஓரத்து ரப்பர் விளிம்பு) ஓரமாக ஒரு பந்தை மெதுவாக உருட்டிவிட்டேன். முக்கால் தூரம் நேராகப் போன பந்து கடைசி ஒன்றரை அடியில் நடுப்பக்கமாக வளைந்து போய் நின்றது. மறுபடி உருட்டினேன், அதே இடத்தில் அதே வளைவு. துணியை அவிழ்த்து, இரும்புப் பட்டையை மேலே வைத்து, கீழே டார்ச் அடித்துப் பார்த்தால் பட்டைக்கும் கல்லுக்கும் நடுவே வெளிச்சம் நீளமாகத் தெரிந்தது. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டு அளந்தேன். கிட்டத்தட்ட 2 மில்லிமீட்டர் பள்ளம்.

கல் தொழிலிலேயே இருந்தும் அதுவரை நான் யோசிக்காத விஷயம் இது. பாலிஷ் என்பது பளபளப்பு, மட்டம் வேறு. பாலிஷ் மெஷினில் தலைகள் காற்றழுத்தத்தில் கல்லை அழுத்திக்கொண்டே போகும், கல் எங்கே இறங்குகிறதோ தலையும் அங்கே இறங்கும், அதனால் பள்ளத்துக்கும் மேட்டுக்கும் ஒரே மாதிரி பளபளப்பு வந்துவிடும். சமையல் மேடைக்கு ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் யாரும் பார்ப்பதில்லை. பூல் டேபிளுக்கு உலக பூல் சங்கம் வைத்திருக்கும் விதி என்ன தெரியுமா? நீளவாக்கில் அரை மில்லிமீட்டர், அகலவாக்கில் கால் மில்லிமீட்டர், அவ்வளவுதான் வித்தியாசம் இருக்கலாம். நடுவில் 90 கிலோ எடை வைத்தாலும் முக்கால் மில்லிமீட்டருக்கு மேல் தொங்கக் கூடாது. இது வீம்புக்கு வைத்த கணக்கில்லை. மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் சாய்வு இருந்தாலே, இரண்டு மீட்டர் உருண்டு தானாக நிற்கும் பந்து தன் அகலத்தைவிட அதிகமாக விலகிவிடும். பலமாக அடிக்கும்போது இது தெரியாது. ஒன்பதாம் பந்தை மூலையில் மெல்லத் தள்ளிவிடும் நேரத்தில்தான் தெரியும்.

கிரானைட்டை மட்டமாக்கவே முடியாதா என்றால், முடியும். ஓசூரில் இன்ஜினியரிங் கம்பெனிகளின் சோதனை அறையில் அளவு பார்க்கும் கருங்கல் மேசை இருக்கும், பார்த்திருப்பீர்கள். மைக்ரான் கணக்கில் மட்டம். ஆனால் அந்தக் கல் நல்ல கனம், பொறுமையாகத் தேய்த்துத் தேய்த்துச் செய்வது. அதே வேலையை 9 அடிக்குச் செய்தால் எடையும் செலவும் எங்கேயோ போய்விடும். இன்னொரு தொல்லை, குஷன் போல்ட்டுக்குத் துளை போடுவது. கிரானைட்டில் குவார்ட்ஸ் நிறைய, எஃகையே கீறும் கடினம். விளிம்புக்கு அருகில் துளை போட்டால் சில்லு சில்லாகப் பெயரும். எனக்கு மூன்று இடத்தில் பெயர்ந்தது.

ஸ்லேட் வேறு ஜாதிக் கல். களிமண் படிவு அழுத்தத்தில் இறுகி உண்டானது, அடுக்கடுக்காகப் பிளக்கும், துகள் ரொம்ப நுணுக்கம், கிரானைட்டைவிட மென்மை. தேய்த்து மட்டமாக்குவது சுலபம், துளை சுத்தமாக விழும், அடியில் மெல்லிய தகடு செருகினால் கொஞ்சம் இணங்கியும் கொடுக்கும். 1826-ல் இங்கிலாந்தில் ஜான் தர்ஸ்டன் மரப்பலகைக்குப் பதில் ஸ்லேட் போட்டு பில்லியர்ட்ஸ் மேசை செய்தார். இவ்வளவு காலம் கழித்தும் நல்ல டேபிளுக்கு அதே கல்தான். இத்தாலியில் லிகுரியா பகுதி ஸ்லேட்டுக்குப் பேர்போனது. அங்கே லவாஞ்ஞா என்று ஒரு ஊர், அந்தப் பெயரே இத்தாலிய மொழியில் கரும்பலகைக்கும் பெயர். சீனா, பிரேசில் கல்லும் சந்தையில் உண்டு.

கிரானைட் தோற்றபின் நான் இன்னொரு அடி வாங்கினேன், நீங்கள் வாங்கக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். ஒரு வியாபாரி (பெயர் வேண்டாம்) ஒரிஜினல் இத்தாலியன் ஸ்லேட் என்று சொல்லி ஒரு டேபிளைத் தலையில் கட்டினார். ஆறு மாதத்தில் நடு இணைப்பு மேலே எழும்பியது. கழற்றி அடியில் பார்த்தால் வெள்ளையாகச் சர்க்கரைக் கட்டி மாதிரி மினுமினுக்கிறது. பாத்ரூம் ஆசிட் ஒரு சொட்டு விட்டேன், நுரைத்துப் பொங்கியது. பளிங்குக் கல்! ஆனால் ஆசிட்டை மட்டும் நம்ப முடியாது, லிகுரியா ஸ்லேட்டிலும் சுண்ணாம்பு கலந்திருக்கும், அதுவும் நுரைக்கலாம். ஸ்லேட் என்றால் ஓரத்தைப் பார்த்தால் கருஞ்சாம்பல் நிறத்தில் மங்கலாக, ஏடு ஏடாகத் தெரியும். காசு கொடுப்பதற்கு முன்னால் டேபிளுக்கு அடியில் படுத்து, டார்ச் அடித்துக் கல்லின் ஓரத்தைப் பாருங்கள். பார்க்க விடமாட்டேன் என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

சரி, நீங்கள் கேட்ட மூன்று பெயருக்கு வருகிறேன்.

டயமண்ட் அமெரிக்காவில் இண்டியானாவில் செய்வது. வேலை விஷயமாக துபாய் போனபோது அதில் மூன்று நாள் ஆடினேன். மூலைப் பாக்கெட் வாய் நாலரை அங்குலம். பந்து இரண்டேகால் அங்குலம், அதாவது சரியாக இரண்டு பந்து அகலம். வாய்க்குப் பின்னால் ஸ்லேட் கொஞ்ச தூரம் உள்ளே நீண்டு போய் அப்புறம்தான் குழி. குஷன் ஓரமாக வேகமாக அடித்த பந்து தாடையில் (பாக்கெட் வாயின் பக்கவாட்டு ரப்பரில்) லேசாகப் பட்டாலும் இரண்டு பக்கமும் மாறி மாறி இடித்துவிட்டு வெளியே வந்து நிற்கும். முதல் நாள் அழாத குறை. மூன்றாம் நாள் என் அடி திருந்தியிருந்தது எனக்கே தெரிந்தது. போட்டிக்குத் தயாராகிறவருக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. ஆனால் அவர்களுடைய ப்ரோ-ஆம் மாடல் ஒரே துண்டு ஸ்லேட்டில் வரும். 9 அடி டேபிளுக்கு ஒரு அங்குலக் கனத்தில் கணக்குப் போட்டால் கல் மட்டுமே 250 கிலோவுக்கு மேல். ஃபோர்க்லிஃப்ட் இருக்கும் பெரிய ஹாலில் அது வசதி, இணைப்பே கிடையாது. நம்ம ஊர் வீட்டில் மாடிப்படி திரும்பும் இடத்தில் எப்படித் திருப்புவது? தரைத்தளம், அகலமான வாசல், எட்டு ஆள் இருந்தால் யோசிக்கலாம்.

பிரன்ஸ்விக் என்ற அமெரிக்கக் கம்பெனியின் கோல்டு கிரவுன் 1961-ல் வந்தது, இன்றுவரை அதே பெயரில் அடுத்தடுத்த வரிசைகள் வந்துகொண்டே இருக்கின்றன. பெங்களூரில் நான் ஆடிய பழைய கிளப் ஒன்றில் ஒன்று இருந்தது. யானைக்கால் மாதிரி கால்கள், ஒவ்வொன்றின் அடியிலும் திருகி ஏற்றி இறக்கும் வசதி, மூன்று துண்டு ஸ்லேட். நான் ஆடியதில் பாக்கெட் கிட்டத்தட்ட 5 அங்குலம் இருந்தது, அதனால் தப்பான அடியையும் மன்னித்துவிடும். எனக்கு அதன் சத்தம் பிடிக்கும், பந்து குழியில் விழும்போது கனமாக ஒரு தொப். பழைய டேபிள் கைக்கு வந்தால் குஷன் ரப்பரை மட்டும் நகத்தால் அழுத்திப் பாருங்கள், கட்டை மாதிரி இறுகியிருந்தால் புது ரப்பர் செலவையும் விலையில் சேர்த்துக்கொள்ள வேண்டும். பாக்கெட்டைச் சின்னதாக்கிக்கொள்வதும் நல்ல மெக்கானிக்கால் முடியும்.

ராசன் சீனத் தயாரிப்பு. சீனா என்றதும் முகம் சுளிக்காதீர்கள், மேட்ச்ரூம் நிறுவனம் நடத்திய பெரிய நைன் பால் போட்டிகள் பலவற்றை இதில்தான் ஆடியிருக்கிறார்கள். என் வீட்டில் இப்போது இருப்பதும் இதுதான். ஆட்டம் டயமண்டுக்குப் பக்கத்தில், பாக்கெட் கண்டிப்பானது, குஷன் கொஞ்சம் வேகம். கல் மூன்று துண்டாக வந்ததால் ஐந்து பேர் சேர்ந்து உள்ளே கொண்டுவந்துவிட்டோம். உங்கள் நிலையில் நான் இருந்தால், வீட்டில் வைத்துத் தினமும் பயிற்சி செய்யத்தான் என்றால், மறுபடியும் இதைத்தான் வாங்குவேன். பிரிடேட்டர் ஏபெக்ஸ் என்றும் ஒன்று இருக்கிறது, நான் அதில் ஆடியதில்லை.

விலை கேட்கும்போது டேபிள் விலையை மட்டும் கேட்காதீர்கள். கப்பல் வாடகை, சுங்கம், ஜிஎஸ்டி, துறைமுகத்திலிருந்து லாரி, பூட்டும் ஆள் கூலி எல்லாம் சேர்ந்து வீட்டு வாசலில் என்ன ஆகும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மூன்றுக்கும் இருக்கும் வித்தியாசம் அப்போது வேறு மாதிரித் தெரியும்.

இனி நான் அதிகம் சொல்ல விரும்புவது பூட்டும் ஆளைப் பற்றி. எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் பூட்டுகிறவர் சரியில்லை என்றால் என் கிரானைட் டேபிளும் அதுவும் ஒன்றுதான். எனக்குப் பூட்டியவர் பெங்களூர் சிவாஜிநகரிலிருந்து வந்த ஒரு பாய், அறுபது வயதிருக்கும். முதலில் கல் இல்லாமல் வெறும் சட்டத்தை மட்டம் பார்த்தார். அப்புறம் மரப்பெட்டியைத் திறந்து ஒரு இரும்பு மட்டத்தை எடுத்தார். நான் கொத்தனார் ரசமட்டத்தை நீட்டியதும், “அது சுவத்துக்கு, தம்பி” என்று சொல்லிவிட்டுத் தன்னுடையதைக் கல் மேல் வைத்து, ஒரு முனைக்கு அடியில் துண்டுக் காகிதத்தைச் செருகிக் காட்டினார். குமிழ் ஓடிப்போய் ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. இடைவெளி இருந்த இடத்தில் பழைய சீட்டுக்கட்டிலிருந்து ஒரு சீட்டு, அதற்குப் பக்கத்தில் பாதிச் சீட்டு என்று செருகிக்கொண்டே போனார். இரண்டு கல் சேரும் இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு நகத்தை இழுத்துப் பார்ப்பார், தட்டினால் மறுபடி திருகுவார். நகம் தட்டாமல் வழுக்கிப் போனபின்தான் தேன்மெழுகை உருக்கி இணைப்பில் ஊற்றினார், ஆறியதும் பிளேடால் ஒரே வீச்சில் சீவினார். காலை பத்துக்கு ஆரம்பித்தது, துணி இழுத்து முடிக்க விளக்கு வைத்துவிட்டது. இரண்டு மாதம் கழித்து டேபிள் தரையில் உட்கார்ந்தபின் இன்னொரு தடவை வந்து பார்த்தார். அந்த இரண்டாம் வருகையையும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். மூன்று மணி நேரத்தில் முடித்துத் தருகிறேன் என்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

துணிக்கு சிமோனிஸ் 860 போடுங்கள், பெல்ஜியம் தயாரிப்பு, கம்பளியோடு கொஞ்சம் நைலான் சேர்த்து நெய்தது, ஸ்னூக்கர் துணி மாதிரி மேலே முடி இருக்காது, பந்து வழுக்கிக்கொண்டு ஓடும். பந்து அராமித், அதுவும் பெல்ஜியம்தான், பினாலிக் ரெசின். மலிவான பாலியெஸ்டர் பந்தில் அடித்தால் துணியில் வெள்ளை வெள்ளையாகச் சூட்டுப்புள்ளி சீக்கிரம் விழும். நம்ம பக்கத்தில் இன்னொன்றும் உண்டு, கல் தூசி. உங்கள் வீட்டுக்கு அருகில் கட்டிங் பட்டறை இருந்தால் அந்தத் தூளில் குவார்ட்ஸ் இருக்கும், துணி மேல் உட்கார்ந்தால் உப்புத்தாள் தேய்த்த மாதிரி நூலை அறுத்துவிடும். ஆட்டம் முடிந்ததும் வாக்குவம் பிடித்து, உறை போட்டு மூடிவிடுங்கள். துடைப்பம், பிரஷ் வேண்டாம், அது தூளை உள்ளே தேய்க்கும். தகர ஷீட் கூரைக்குக் கீழே வைப்பதாக இருந்தால் தர்மபுரி, கிருஷ்ணகிரி வெயிலுக்கு முதலில் சீலிங் போடுங்கள், மரச் சட்டம் காய்ந்து முறுக்கினால் பாய் செருகிய சீட்டெல்லாம் வீண்.

அறை அளவைக் கேள்வியில் நீங்கள் எழுதவில்லை. 9 அடி டேபிளின் ஆடும் பரப்பு 100க்கு 50 அங்குலம், கியூ (பந்தை அடிக்கும் கோல்) 58 அங்குலம், நாலு பக்கமும் கியூவை இடிக்காமல் இழுக்க 18 அடிக்கு 14 அடி வேண்டும். நடுவில் தூண் இருந்தால் அதையும் சுவராகவே கணக்கில் எடுங்கள். 17க்கு பதின்மூன்றரைதான் இருக்கிறது என்றால் 8 அடி டேபிள் வாங்குங்கள், அதிலும் பாக்கெட் நாலரை அங்குலமாகக் கேட்டு வாங்குங்கள். சின்னக் கியூ வைத்துச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சுவரோரம் வரும் ஒவ்வொரு அடியிலும் கை வேறு பழக்கத்துக்குப் போய்விடும்.

டேப் வைத்து அளந்துவிட்டு, எந்த மாடி, படிக்கட்டு அகலம் எவ்வளவு என்று கீழே கருத்தில் எழுதுங்கள், கல்லை எப்படி உள்ளே கொண்டுபோவது என்று பார்க்கலாம்.