காசில் 1780 என்று இருந்தால் அது 1780-இல் அடித்ததா?

கேள்வி: அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்காக, ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரசாவின் வெள்ளிக்காசு ஒன்றை இணையத்தில் 19,500 ரூபாய்க்கு வாங்கினேன். ‘1780-இல் அடித்த அசல் பழங்காசு’ என்று விளம்பரம். காசிலும் 1780 என்றுதான் இருக்கிறது. ஆனால் காசு சேர்க்கும் நண்பர் பார்த்துவிட்டுச் சிரிக்கிறார். ஏமாந்துவிட்டேனா?

பதில்: காசு அநேகமாக நல்ல காசுதான். அதன் வயதில்தான் ஏமாந்திருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது.

மரியா தெரசா 40 ஆண்டுகள் ஆண்டுவிட்டு 1780 நவம்பரில் காலமானார். காசு மட்டும் நிற்கவில்லை. ஏமன், எத்தியோப்பியா பக்கத்துக் காப்பி வியாபாரிகளுக்கு அந்த அம்மாள் முகம் போட்ட காசின் மேல்தான் நம்பிக்கை. முகத்தையோ ஆண்டையோ மாற்றினால் வாங்க யோசிப்பார்கள். ஆகவே வியன்னாவில் இரண்டையும் மாற்றாமல் தொடர்ந்து அடித்தார்கள். 1935-இல் எத்தியோப்பியா மீது படையெடுத்த முசோலினிக்கு அங்கே செலவழிக்க இந்தக் காசு வேண்டியிருந்தது. ஆஸ்திரியாவிடம் அச்சை வாங்கி ரோமில் அடித்தார். பிரிட்டன் சும்மா இருக்குமா? லண்டனில் அடித்தது, 1940-41இல் நம் பம்பாய் நாணயச்சாலையிலும் அடித்தது. எல்லாவற்றிலும் 1780! ஆஸ்திரிய நாணயச்சாலை இன்றும் இதை அடித்து விற்கிறது.

சரி, உங்கள் கையில் இருப்பதைப் பாருங்கள். தெரிந்த நகைக்கடையில் எடை போட்டால் 28 கிராமுக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும். குறுக்களவு சுமார் 40 மில்லிமீட்டர். விளிம்பைச் சுற்றி ‘நீதியும் கருணையும்’ என்று பொருள்படும் லத்தீன் எழுத்துகள் இருக்கும். ஆயிரத்துக்கு 833 பங்கு வெள்ளி, அதாவது சுத்த வெள்ளி மட்டும் 23.4 கிராம். இன்றைய வெள்ளி விலையால் அதைப் பெருக்குங்கள். பிற்காலக் காசு என்றால், அந்தத் தொகைக்கு மேல் கொடுத்ததெல்லாம் பெரும்பாலும் கதைக்குக் கொடுத்த காசு. எந்த ஊரில், எந்தக் காலத்தில் அடித்தது என்பதை அரசியின் தோள் ஊசி, கழுகின் வால் இறகு போன்ற நுணுக்கங்களை வைத்துத் தேர்ந்தவர்கள் சொல்லிவிடுவார்கள். ஒருவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

விளம்பரப் பக்கத்தை இப்போதே படம் பிடித்து வையுங்கள், நாளைக்கே மாற்றிவிடுவார்கள். அப்புறம் பணத்தைத் திருப்பக் கேட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். அசையவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். 5 லட்சம் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது.

கேள்வி: சே குவேரா முகம் போட்ட கியூபாவின் 3 பெசோ நோட்டு, ‘சே கையெழுத்துடன்’ என்று விற்பனைக்கு வருகிறது. மகன் அடம் பிடிக்கிறான். வாங்கலாமா?

பதில்: நோட்டை வாங்கலாம், கையெழுத்துக்காகப் பணம் கொடுக்காதீர்கள். சே 1959 நவம்பரில் கியூபா தேசிய வங்கியின் தலைவரானார். 1960-இல் வந்த நோட்டுகளில் வெறுமனே ‘சே’ என்று அவர் கையெழுத்து அச்சாகியிருக்கும், ஆனால் முகம் ஹோசே மார்த்தி போன்ற மற்றவர்களுடையது. சே முகம் போட்ட 3 பெசோ வந்தது 1980-களில். அவர் 1967-லேயே இறந்துவிட்டார்.