பழைய டிஷ்ஷில் ஃப்ரீ டிஷ் வருமா?

கேள்வி: மதுரையில் இருக்கிறோம். டாடா ஸ்கை (இப்போது டாடா ப்ளே) சந்தாவை நிறுத்தி மூன்று வருடம் ஆகிறது. டிஷ் மொட்டை மாடியில் அப்படியே நிற்கிறது. தூர்தர்ஷனின் சந்தா இல்லாத டிடி ஃப்ரீ டிஷ்ஷுக்குக் கடைக்காரர் முழு செட்டும் வாங்கச் சொல்கிறார். தேவையா?

பதில்: தேவையில்லை. டிஷ் நெளியாமல் இருந்தால் பாக்ஸ் மட்டும் போதும். விளிம்பிலிருந்து விளிம்புக்கு இரண்டு நூலைக் குறுக்காக இழுத்துக் கட்டுங்கள். நடுவில் தொட்டுக்கொண்டால் டிஷ் நல்லது; இடைவெளி விட்டால் நெளிந்துவிட்டது.

பழைய பாக்ஸ் அந்த நிறுவனத்துக்கே பூட்டியது, உதவாது. புதிதாக வாங்குவது எம்பெக்-4 (புதிய வீடியோ முறை) பாக்ஸாக இருக்கட்டும். பழைய எம்பெக்-2 மட்டும் உள்ளதில் பல சேனல்கள் வராது. சன், விஜய் போன்ற கட்டணச் சேனல்கள் எந்த பாக்ஸ் வாங்கினாலும் ஃப்ரீ டிஷ்ஷில் கிடையாது. அதை முதலிலேயே யோசித்துக்கொள்ளுங்கள்.

டிஷ்ஷுக்கு முன்னால் கம்பி நுனியில் நின்று சிக்னலை வாங்கும் சிறு கருவிதான் எல்என்பி; அதன் லேபிளைப் படியுங்கள். 9750/10600 என்றிருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம். வெறும் 10600 என்றால் மாற்ற வேண்டும்: ஃப்ரீ டிஷ்ஷின் அலைவரிசையான 11090-இல் 10600 போனால் 490தான் மிஞ்சும், பாக்ஸுக்கோ குறைந்தது 950 வேண்டும்.

இனி திசை. உங்கள் டிஷ் 83 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு மேலே உள்ள செயற்கைக்கோளைப் பார்க்கிறது. ஃப்ரீ டிஷ் 93.5-இல் உள்ள ஜிசாட்-15 செயற்கைக்கோளில் வருகிறது. மதுரையிலிருந்து டிஷ்ஷைக் கிழக்குப் பக்கமாகச் சுமார் 32 டிகிரி திருப்பி, 8 டிகிரி போலத் தாழ்த்த வேண்டும். பலரும் மறப்பது எல்என்பியை. அதுவும் ஏற்கெனவே சாய்ந்திருக்கும் பக்கமே இன்னும் 30 டிகிரி சுழல வேண்டும். இதை விட்டுவிட்டு டிஷ்ஷை மட்டும் நாள் முழுக்க ஆட்டினாலும் பாக்ஸ் திரையில் காட்டும் குவாலிட்டி கோடு ஏறாது.

பாக்ஸில் 11090, வெர்டிகல், சிம்பல் ரேட் 29500, 22 கிலோஹெர்ட்ஸ் ஆஃப் என்று வையுங்கள். ஒருவர் டிவி முன்னால், ஒருவர் மாடியில். அரை டிகிரி நகர்த்திவிட்டு இரண்டு மூன்று நொடி பொறுங்கள்; பாக்ஸ் மெதுவாகத்தான் காட்டும்.

கேள்வி: சிக்னல் 80 காட்டுகிறது, குவாலிட்டி பூஜ்யம். எல்என்பி போய்விட்டதா?

பதில்: அவசரப்பட்டு வாங்காதீர்கள். எல்என்பிக்குக் கரண்ட் கிடைத்தாலே சிக்னல் கோடு ஏறும், டிஷ் எங்கே பார்த்தாலும் சரி. பார்க்க வேண்டியது குவாலிட்டி மட்டுமே. திசை சரியாக இருந்தும் வரவில்லை என்றால் மாடியில் கேபிளை எல்என்பியோடு இணைக்கும் திருகு முனையான எஃப் கனெக்டரைக் கழற்றுங்கள். நடுக்கம்பி பச்சை பூத்திருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது: கேபிளில் ஒரு சாண் வெட்டிவிட்டுப் புது கனெக்டர் போடுங்கள். வலைக்கம்பியின் ஓர் இழைகூட நடுக்கம்பியைத் தொடக் கூடாது, தொட்டால் ஷார்ட். எல்என்பியின் முகத்து மூடி வெயிலில் வெடித்து உள்ளே ஈரம் தெரிந்தால்தான் புது எல்என்பி.