கேளுங்க பதில்கள்: காம்ப்டன் பையனும் கோழிக்கடை அப்பாவும்

ஓய்வு பெற்ற ஆசிரியை, தஞ்சாவூர்: என் பேரன் எந்நேரமும் கெண்ட்ரிக் லமார் என்ற அமெரிக்க ராப் பாடகரைக் கேட்கிறான். காதில் விழுவதெல்லாம் கெட்ட வார்த்தை. இவருக்கா புலிட்சர் பரிசு கொடுத்தார்கள்?

இவருக்கேதான், டீச்சர். 2018-ல், ‘டேம்’ என்ற ஆல்பத்துக்கு. அதுவரை சாஸ்திரிய இசைக்காரர்களும் ஜாஸ்காரர்களும் மட்டுமே வாங்கிவந்த பரிசு அது. கெட்ட வார்த்தை நிறைய உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆல்பத்தின் கடைசிப் பாட்டைப் போட்டு, கதையை உங்களுக்குத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள் பேரனை.

ஒரு கேஎஃப்சி கடை. ஜன்னலில் நின்று பரிமாறுகிறவர் லமாரின் அப்பா. ஆண்டனி டிஃபித் என்ற இளைஞன் அந்தக் கடையைக் கொள்ளையடிக்கத் திட்டம் போட்டிருக்கிறான். ஏற்கெனவே அங்கே ஒருமுறை கொள்ளை நடந்து, வாடிக்கையாளர் ஒருவர் மேல் குண்டும் பாய்ந்திருக்கிறது. அப்பா விவரமானவர். அவன் வரிசையில் வந்து நிற்கும்போதெல்லாம் காசு வாங்காமல் சிக்கன், கூடவே இரண்டு பன். அவனுக்கு ஆளைப் பிடித்துப்போய் ஒன்றும் செய்யாமல் விட்டுவிடுகிறான். பல வருடம் கழித்து அதே டிஃபித் பாட்டுக் கம்பெனி தொடங்கி, ஒரு பையனை ஒப்பந்தம் செய்கிறார். பையன் யார் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

அன்று சுட்டிருந்தால் அவர் ஆயுள் சிறையில் இருந்திருப்பார், நானும் அப்பா இல்லாமல் வளர்ந்து குண்டடிபட்டுச் செத்திருப்பேன் என்று முடிக்கிறார் லமார். உடனே ஒரு துப்பாக்கிச் சத்தம். டேப் பின்னோக்கி ஓடுகிறது. ஆல்பம் முதல் பாட்டுக்கே வந்து நிற்கிறது. கேசட் பதிந்து கொடுத்துப் பிழைத்தவன் நான். அந்த ரீவைண்ட் சத்தத்தில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். பாட்டுகளைக் கடைசியிலிருந்து முதலுக்குக் கேட்டாலும் ஒரு கதை வரும். ஆல்பம் வந்த 2017-லேயே வரிசையைத் திருப்பிப் போட்டு இன்னொரு பதிப்பும் வெளியிட்டார்.

பொறியியல் மாணவர், கோவை: லமார் பிறந்த காம்ப்டன் அவ்வளவு மோசமான ஊரா? அங்கிருந்து எப்படி மேலே வந்தார்?

1949-ல் மூத்த புஷ் (ஆமாம், பின்னாளில் அதிபரானவர்தான்) குடும்பத்தோடு கொஞ்ச நாள் குடியிருந்த ஊர் அது, லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம். கறுப்பினத்தவருக்கு விற்கக்கூடாது என்று வீட்டுப் பத்திரத்திலேயே எழுதிவைத்த காலம். அப்படிப்பட்ட நிபந்தனைகளை எந்தக் கோர்ட்டும் அமல்படுத்தக்கூடாது என்று 1948-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு கறுப்பினக் குடும்பங்கள் வரத் தொடங்கின. 1965-ல் பக்கத்து வாட்ஸில் கலவரம் வந்ததும் மிச்சமிருந்த வெள்ளையர்களும் கிளம்பினார்கள். கடைகள் போயின, வேலைகள் போயின. 80-களில் கிராக் போதைப்பொருளும் பிளட்ஸ், கிரிப்ஸ் கும்பல்களும். ஊரைக் கெடுத்துவிட்டு ‘கெட்ட ஊர்’ என்று பெயர் வைப்பது அமெரிக்காவிலும் நடக்கிறது.

லமார் பிறந்தது 1987-ல். அதற்கு மூன்று வருடம் முன்பு 500 டாலரோடு சிகாகோவிலிருந்து வந்தவர்கள் அப்பாவும் அம்மாவும். ஐந்து வயதிலேயே ஒரு கொலையைக் கண்ணால் பார்த்திருக்கிறார். எட்டு வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து டூபாக், டாக்டர் ட்ரே என்ற பெரிய ராப் பாடகர்கள் இருவரின் பாட்டுப் படப்பிடிப்பையும் வேடிக்கை பார்த்திருக்கிறார். கவிதை எழுதவைத்தது ஏழாம் வகுப்பு ஆசிரியர். 2003-ல், 16 வயதில், முதல் மிக்ஸ்டேப் (கம்பெனி இல்லாமல் தானே வெளியிடும் பாட்டுத் தொகுப்பு). அதுதான் டிஃபித்திடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஆனால் பெரிய கம்பெனி மூலம் முதல் ஆல்பமான ‘குட் கிட், மேட் சிட்டி’ வந்தது 2012-ல். ஒன்பது வருடம்! டிஃபித் வீட்டு ஸ்டுடியோவில் எழுதி, அழித்து, எழுதி. நடுவில் ‘கே டாட்’ என்ற பட்டப்பெயரையும் விட்டுவிட்டு அப்பா அம்மா வைத்த பெயருக்கு வந்தார்.

அந்த 2012 ஆல்பத்தில் ஒரு பையன் அம்மாவின் வேனை வாங்கிக்கொண்டு போய், நண்பர்களோடு சேர்ந்து ஒரு வீட்டில் திருடுகிறான். வேனை எப்போது கொண்டுவருவாய் என்று அம்மா போனில் கத்துகிறார். பின்னால் அப்பா, ‘என் டாமினோ காய்கள் எங்கே?’ என்கிறார். நிஜ அப்பா, அம்மா குரல்கள். நல்ல பையன் என்று தன்னைச் சொல்லிக்கொண்டே, செய்த தப்பையும் வரிசையாகச் சொல்கிறார். எனக்கு இவரிடம் பிடித்தது இதுதான். மேடையில் நின்று ஊருக்கு உபதேசம் பண்ணுகிறவர்களை நிறையப் பார்த்தாயிற்று. 2015-ல் இனவெறியைக் கிழித்துத் தொங்கவிட்ட ஒரு பாட்டின் முடிவில், கும்பல் சண்டையில் தன்னைப் போன்ற இன்னொருவனைக் கொன்ற நான், சுட்டுக்கொல்லப்பட்ட கறுப்பினச் சிறுவன் ட்ரேவான் மார்ட்டினுக்காக எந்த முகத்தோடு அழுகிறேன் என்று தன்னையே கேட்டார். சொந்த ஆட்களிடமே திட்டு வாங்கினார். திட்டியவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. இனவெறித் தோட்டாவையும் கும்பல் தோட்டாவையும் ஒரே தட்டில் வைக்கலாமா என்பது சின்னக் கேள்வி இல்லை.

ஐடி ஊழியர், சென்னை: இன்னொரு ராப் பாடகர் டிரேக்கோடு பாட்டிலேயே சண்டை போட்டு கிராமி வாங்குகிறவர் சமூகப் போராளியா?

போராளிப் பட்டம் நாம் கொடுத்தது. நான் உங்கள் ரட்சகன் இல்லை என்று 2022 ஆல்பத்திலேயே கையை விரித்துவிட்டார். ‘நாட் லைக் அஸ்’ என்ற அந்தச் சண்டைப் பாட்டுக்கு 2025-ல் ஐந்து கிராமி என்பது எனக்கும் கொஞ்சம் ஓவர்தான். ஆனால் 2024 ஜூன் 19 அன்று இங்கிள்வுட் கச்சேரியில் அதே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடி, ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்த கும்பல்களின் ஆட்களை ஒரே மேடையில் ஏற்றிப் போட்டோவுக்கு நிற்க வைத்தார். அதை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

பிளஸ் டூ மாணவி, நெல்லை: எதிலிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?

2012 ஆல்பம். ஷஃபிளை அணைத்துவிட்டு, பாட்டு வரிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. பரீட்சை முடிந்த பிறகு.