கோடு நாலும் நிற்குது, படம் மட்டும் சுத்துது

டவர் வேலையில் பல வருசம் வன்னி முழுக்க அலைந்தவன் நான். அதனால் கொமினிக்கேசனில் ரீலோட் போட நின்றாலும், சந்தையில் மீன் வாங்க நின்றாலும் யாராவது ஒருவர் போனை நீட்டி ஏதாவது கேட்பார். எழுத்தில் வந்தவற்றில் சிலதுக்கு இந்த முறை பதில். பேர் போடவில்லை, ஊர் மட்டும்.

விசுவமடு, கடைக்காரர்: போனில் 4ஜி காட்டுது, கோடு நாலும் நிறைய நிற்குது. ஆனால் இரவு எட்டு மணிக்குப் பிறகு யூரியூப் சுத்திக்கொண்டே இருக்கு. டவர் கடைக்குப் பின்னாலதான். யாரைப் பேசுறது?

டவரைப் பேசாதீர்கள் அண்ணை, அது பாவம். அந்தக் கோடுகள் பெரும்பாலும் சொல்வது ஒரு விசயம்தான்: டவரின் அலை உங்கள் போனுக்கு எவ்வளவு பலமாக எட்டுகிறது என்பது. அந்த நேரம் அதே டவரில் எத்தனை பேர் தொங்கிக்கொண்டிருக்கிறார்கள், டவரிலிருந்து வெளியே போகும் பாதை எவ்வளவு அகலம் என்பதெல்லாம் கோட்டில் தெரியாது.

நெரிசல் இரண்டு இடத்தில் வரும். ஒன்று காற்றில். 20 மெகாஹேர்ட்ஸ் அகலமுள்ள 4ஜி அலைவரிசையில், சாதாரண இரண்டு அன்ரெனா முறையில், டவரின் ஒரு பக்கத்துக்கு ஆகக்கூடியது செக்கனுக்கு 150 மெகாபிட். அதுவும் ஏட்டுக் கணக்கு, டவருக்குக் கிட்ட நீங்கள் ஒருவர் மட்டும் நின்றால். தூரத்தில் இருக்கிறவர், மாமரத்துக்குப் பின்னால் இருக்கிறவர், தகரத்துக்குக் கீழே இருக்கிறவர் எல்லாருக்கும் பங்கு போட்டால் அதில் கால்வாசி தேறினாலே நல்லம்.

மற்ற நெரிசல் டவரின் முதுகுப் பக்கத்தில். அண்ணாந்து பார்த்தால் மேளத்தின் முகம் மாதிரி வட்டமாக ஒன்று தெரியும், அது உங்களுக்கானது இல்லை. அது அடுத்த டவரைப் பார்த்துக்கொண்டிருக்கும், அந்த டவரில் இன்னொன்று அதற்கடுத்ததைப் பார்க்கும், இப்படி ஒன்றின் தோளில் மற்றது கை வைத்துப் போய்க் கடைசியில் எங்கோ ஓரிடத்தில் ஃபைபரில் இறங்கும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் 2ஜி டவர் ஒன்றுக்கு ஒரு ஈ1 இணைப்பு, அதாவது 2 மெகாபிட், தாராளம். அதற்குள் 64 கிலோபிட் அளவில் 32 தடங்கள், கோல்களுக்கு அது போதும். இப்போது அதே கம்பத்தில் நூற்றுக்கணக்கான மெகாபிட் கேட்கிற 4ஜி பெட்டி தொங்குகிறது. பெட்டி ஏறினதைச் சனம் எல்லாம் கண்டது. பாதை அகலமானதா என்று ஒருவரும் பார்க்கவில்லை, பார்க்கவும் ஏலாது.

ஒரு வேலை செய்யுங்கள். காலை ஐந்து மணிக்கு ஒரு ஸ்பீட் டெஸ்ட், இரவு எட்டரைக்கு ஒன்று, மூன்று நாளைக்கு. காலையில் பறந்து இரவில் தவழ்ந்தால் நெரிசல். காலையிலும் தவழ்ந்தால் பாதை சின்னது, அல்லது பழுது, அல்லது (இதையும் பாருங்கள்) உங்கள் டேட்டா முடிந்து வேகத்தைக் குறைத்திருக்கிறார்கள். நேரத்தோடும் இலக்கத்தோடும் முறைப்பாடு கொடுத்தால் "போனை ஓஃப் பண்ணிப் போடுங்க" என்று சொல்லித் தட்டிக்கழிக்கிறது கொஞ்சம் கஷ்டம்.

மல்லாவி, உயர்தர மாணவி: எல்லாம் பக்கற் மயமாகிவிட்டது என்கிறார்கள் அண்ணா. பக்கற் என்றால் என்ன?

பால்மா பக்கற் இல்லை என்பது வரைக்கும் உங்களுக்கே தெரியும்.

முல்லைத்தீவிலிருந்து கட்டுநாயக்காவுக்கு வான் ஹயர் பிடிக்கிறீர்கள் என்று வையுங்கள். போகிறது மாமா ஒருவர், அனுப்பப் போகிறது நாலு பேர், மிச்ச சீற் எல்லாம் வெறுமை. ஆனாலும் வான் உங்களுடையது, வழியில் வேறு ஆள் ஏற்ற முடியாது. பழைய கோல் அப்படித்தான். 2ஜியில் 200 கிலோஹேர்ட்ஸ் அலைவரிசையை நேரத்தால் எட்டுத் துண்டாக்கி, கோல் எடுத்தவருக்கு ஒன்றைக் கொடுத்துவிடும். அவர் கதைத்தாலும் சரி, கோபத்தில் பேசாமல் இருந்தாலும் சரி, வைக்கும் வரைக்கும் அது அவருக்குத்தான்.

பக்கற் முறை நெல் மூட்டை மாதிரி. ஒவ்வொரு மூட்டையிலும் போகவேண்டிய இடமும் ஒரு இலக்கமும் எழுதி, பரந்தன் சந்தியில் இடமுள்ள எந்த லொறியிலும் ஏற்றிவிடுவது, போய்ச் சேர்ந்த இடத்தில் இலக்கப்படி அடுக்குவது. ஒருவருக்கென்று லொறி இல்லை, ஆகவே வெறும் லொறியும் இல்லை. 1960களில் அமெரிக்காவில் போல் பரனும் பிரித்தானியாவின் தேசிய பௌதிக ஆய்வுகூடத்தில் டொனால்ட் டேவிஸும் ஒருவரை ஒருவர் அறியாமலே இந்த யோசனைக்கு வந்தார்கள். பக்கற் என்ற பேர் டேவிஸ் வைத்தது.

கணக்கு விருப்பமென்றால் இதையும் பாருங்கள். 4ஜி கோலில் குரலை 20 மில்லிசெக்கனுக்கு ஒரு துண்டாக வெட்டுவார்கள், செக்கனுக்கு 50 பக்கற். குரல் 12.65 கிலோபிட் வேகம் என்றால் ஒரு துண்டு கிட்டத்தட்ட 32 பைட். அதன்மேல் ஒட்டுகிற விலாசச் சீட்டுகள் மட்டும் 40 பைட்! கடிதத்தை விட உறை பாரம். அதனால் டவருக்கும் போனுக்கும் இடையில் அந்த உறையைச் சுருக்கி அனுப்புவதற்கென்றே தனி ஏற்பாடு இருக்கிறது.

ஒட்டுசுட்டான், ஓய்வுபெற்ற ஆசிரியர்: நெற் பார்த்துக்கொண்டிருக்கும்போது கோல் வந்தால் 4ஜி மறைந்து 'ஈ' வருகிறது, நெற்றும் நின்றுவிடுகிறது. போன் பழுதா?

பழுதில்லை ஐயா. 4ஜியை வடிவமைத்தவர்கள் பழைய கோல் பாதையை அதில் வைக்கவே இல்லை. 2ஜியில் கோலுக்கு ஒரு பாதை, பிறகு டேட்டாவுக்கென்று பக்கத்தில் இன்னொன்று கட்டினார்கள். 3ஜியிலும் அந்த இரட்டைக் குடித்தனம் தொடர்ந்தது. 4ஜியில் ஒரே பாதைதான், எல்லாம் பக்கற். 2009 டிசம்பரில் ஸ்டொக்ஹோமிலும் ஒஸ்லோவிலும் முதல் 4ஜி வந்தபோது அது வெறும் டேட்டா. அதில் கோல் பேச ஏலாது.

ஆகவே கோல் வந்தால் போன் 4ஜியை விட்டிறங்கி 2ஜிக்கோ 3ஜிக்கோ போய்க் கதைத்துவிட்டு வரும். உங்கள் 'ஈ' 2ஜியின் அடையாளம். கோல் விழ நாலைந்து செக்கன் பிந்துவதும் அதனால்தான். இதற்கு மருந்து வோல்டீ, கோலையே பக்கற் ஆக்கி 4ஜிக்குள் கொண்டுபோவது. போனின் சிம் செற்றிங்கில் அந்தப் பேரில் (VoLTE) ஒரு சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். சில போனில் இருக்கும், அணைந்திருக்கும். சில போனுக்கு, குறிப்பாக வெளிநாட்டிலிருந்து வந்ததுக்கு, இங்கத்தைய நிறுவனம் அனுமதி கொடுத்திருக்காது. இரண்டு பக்கமும் வோல்டீ என்றால் வித்தியாசத்தைக் காது சொல்லும். பழைய கோலில் 3400 ஹேர்ட்ஸோடு குரல் வெட்டுப்படும், இதில் 7000 வரைக்கும் போகும், ஸ, ஷ எல்லாம் தனித்தனியாகக் கேட்கும்.

அப்படியென்றால் வட்ஸ்அப் கோல் என்ன வித்தியாசம், அதுவும் பக்கற்தானே என்று அடுத்துக் கேட்பீர்கள். ஓம், பக்கற்தான். ஆனால் வோல்டீ பக்கற்றுக்கு நெற்வேர்க் முன்னுரிமை கொடுத்து ஒரு அளவு வேகத்தை ஒதுக்கி வைக்கும். வட்ஸ்அப் கோல் பக்கத்து வீட்டுப் பொடியன் பார்க்கிற படத்தோடு சேர்ந்து அதே வரிசையில் நிற்கும். கனடாவிலிருந்து மகள் எடுக்கும்போது இரவில் குரல் வெட்டுவதற்கு ஒரு காரணம் இது.

நெடுங்கேணி, டவர் காவல் வேலை செய்பவர்: கீழேயுள்ள பெட்டிக்கு மேல் வெள்ளைக் காளான் மாதிரி ஒன்று இருக்கு. அதால யாரும் கதைக்கிறதாத் தெரியேல்லை. என்னத்துக்கு?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. அது ஜிபிஎஸ் அன்ரெனா. டவர் எங்கே நிற்கிறது என்று டவருக்குத் தெரியும், அதற்காக இல்லை, மணி பார்க்கத்தான். பழைய ஈ1 இணைப்பில் தகவலோடு சேர்ந்து கடிகாரத் துடிப்பும் சீராக வரும். பக்கற் வழியில் அது இல்லை, மூட்டைகள் வந்த நேரத்துக்கு வரும். ஆனால் ஒரே அலைவரிசையில் மாறி மாறி அனுப்பியும் வாங்கியும் வேலை செய்கிற டவர்கள், ஒன்றுக்கொன்று மூன்று மைக்ரோசெக்கன் கூடப் பிசகக் கூடாது, பிசகினால் ஒன்று பேசும்போது மற்றதும் பேசி இரண்டும் கெடும். ஆகவே வானத்தைப் பார்த்து நேரம் எடுக்கிறது. காகம் கூடு கட்டினால் சொல்லியனுப்புங்கள்.

புதுக்குடியிருப்பு: வீட்டு 4ஜி ரவுட்டரை எங்கே வைக்கிறது? தகரக் கூரை.

சாமியறையில் வைக்காதீர்கள். (வைத்திருக்கிறார்கள், பார்த்திருக்கிறேன்.) தகரம் அலையை மறிக்கும், டவர் நிற்கிற திசையில் உள்ள யன்னலோரம் நல்லது. போனில் ரவுட்டரின் செற்றிங் பக்கத்தைத் திறந்து ஆர்எஸ்ஆர்பி (RSRP) என்ற இலக்கத்தைப் பாருங்கள், டவரின் அலை எவ்வளவு பலமாக எட்டுகிறது என்பதன் அளவு அது, மைனஸ் 80க்குக் கிட்ட என்றால் சந்தோசம், மைனஸ் 110 என்றால் கூரைக்கு வெளியே அன்ரெனா போடத்தான் வேண்டும். வயர் நீண்டால் வழியிலேயே அலை தேயும், கட்டையாக வையுங்கள்.

துணுக்காய்: எங்கட ஊரில் கரண்ட் நிற்கவில்லை, ஆனால் பக்கத்து ஊரில் கரண்ட் போனால் எங்களுக்கும் சிக்னல் போகுது.

உங்கள் டவர் பக்கத்து ஊர் டவரின் தோளில் கை வைத்திருக்கிறதாக இருக்கும். அங்கே பற்றரி இறங்கினால் இங்கேயும் படுக்கும்.

கிளிநொச்சி: 5ஜி எங்களுக்கு எப்ப?

5ஜி அதிகம் பாவிக்கிற 3.5 கிகாஹேர்ட்ஸ் பகுதி அலை 900 மெகாஹேர்ட்ஸ் மாதிரித் தூரம் போகாது, வயல் தாண்டி வீடு, காடு தாண்டி ஊர் என்றிருக்கிற எங்கள் பக்கத்துக்கு அது அவ்வளவு தோதுமில்லை. ஃபைபர் வராத டவரில் அதைத் தொங்கவிடுவது, சின்ன வாய்க்காலுக்குப் பெரிய மதகு கட்டின மாதிரி. நான் என்றால் முதலில் ஃபைபரைத்தான் கேட்பேன்.

பூநகரி: அப்பப்பாவிடம் பழைய பட்டன் போன். மாற்ற வேண்டுமா?

வேலை செய்கிற வரைக்கும் வைத்திருக்கட்டும். பல நாடுகளில் 2ஜிக்கு முன்னமே 3ஜியைத்தான் மூடினார்கள், இந்தியாவில் ஜியோ 2016இல் பழைய கோல் பாதையே இல்லாமல் 4ஜியோடு மட்டும் தொடங்கியது, ஆகவே அந்தப் பட்டன் போன் ஓடுகிற 2ஜியும் ஒரு நாள் போகும். புதிதாக வாங்கினால் பட்டன் போனிலேயே 4ஜி வோல்டீ உள்ளதாகக் கேளுங்கள், அப்படியும் வருகிறது. காசு கொடுக்க முதல் இலக்கம் கண்ணுக்குத் தெரிகிறதா என்று அவரையே அமத்திப் பார்க்க விடுங்கள்.