உறுதியான கரைக்கும் ‘அதிக ஆபத்து’ வகையா?

கேள்வி: ஒரத்தநாடு வட்டத்தில் உள்ள எங்கள் தோப்பில், ஓடையின் குறுக்கே என் தாத்தா போட்ட மண்கரை ஒன்று இருக்கிறது. உயரம் 4 மீட்டர், நீளம் ஏறத்தாழ 200 மீட்டர். கீழே முன்பு வயலாக இருந்த இடத்தில் இப்போது பன்னிரண்டு வீடுகளும் ஓர் அங்கன்வாடியும் வந்துவிட்டன. அமெரிக்காவில் இருக்கும் என் மருமகன், இத்தகைய கரையை அங்கே ‘அதிக ஆபத்து’ வகையில் சேர்ப்பார்கள் என்கிறார். கரை உறுதியாகத்தானே இருக்கிறது? நம் சட்டம் என்ன சொல்கிறது?

பதில்: 2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகளுக்குப் பொருந்தும். 10 முதல் 15 மீட்டர் வரை உயரமுள்ளவை என்றால், நீளம் 500 மீட்டருக்கோ கொள்ளளவு 10 லட்சம் கன மீட்டருக்கோ குறையாமல் இருப்பது போன்ற நிபந்தனைகளில் ஒன்றாவது பொருந்த வேண்டும். உங்கள் கரை அந்த வரம்புக்குள் வராது.

ஆயினும் உங்கள் மருமகன் சொல்வது சரி. அந்த வகைப்பாடு கரையின் உறுதியைப் பற்றியதே அன்று. கரை உடைந்தால் கீழே என்ன நேரும் என்பதைப் பற்றியது. உயிரிழப்பு நேரக்கூடும் என்றால், நேற்றுக் கட்டி முடித்த கரையும் ‘அதிக ஆபத்து’ வகையைச் சேர்ந்ததுதான். உங்கள் தாத்தா காலத்தில் உடைந்திருந்தால் ஒரு போக நெல் போயிருக்கும். இன்று அங்கே குழந்தைகள் இருக்கிறார்கள். கரையில் ஒரு கூடை மண்கூட மாறாமல் அதன் வகை மாறிவிட்டது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், ஒரு கல்லூரிக்குச் சொந்தமாக இருந்த கெல்லி பார்ன்ஸ் மண் அணை 1977 நவம்பர் 6 அதிகாலையில் உடைந்து 39 பேர் இறந்தனர். அதன் உயரம் ஏறத்தாழ 12 மீட்டர்தான்.

‘உறுதியாக இருக்கிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். 2018 நவம்பரில் கஜா புயல் உங்கள் பகுதியின் தென்னைகளைச் சாய்த்ததே, கரைமேல் நின்றவையும் விழுந்தனவா? விழுந்த மரத்தின் கட்டையும் வேரும் உள்ளே மக்கும்போது, தண்ணீர் புகுந்து செல்ல வழி உண்டாகிறது. கோடையில் நீர் வற்றியிருக்கும்போது அவற்றைத் தோண்டி எடுத்து, களிமண்ணை அடுக்கடுக்காக இட்டு இறுக்கிக் கெட்டிப்படுத்த வேண்டும். நண்டு வளைகளும் எலி வளைகளும் செய்யும் கேடு டெல்டாக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கரையின் வெளிச்சரிவில் கசியும் நீர் தெளிவாக இருந்தால் தொடர்ந்து கவனித்து வாருங்கள். கலங்கி வந்தால் உள்ளிருந்து மண் அரிக்கப்படுகிறது என்று பொருள், அன்றே பொறியாளரை அழைக்க வேண்டும்.

எல்லாவற்றையும் விட, மிகை நீர் வெளியேறும் வழியான கலிங்கு முக்கியம். கூடுதலாகத் தண்ணீர் தேக்கும் ஆசையில் அதன்மேல் மணல் மூட்டை அடுக்கும் வழக்கத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள். வெள்ளம் கலிங்கு வழியே வெளியேற முடியாமல் கரையின் தலைக்கு மேல் வழிந்தால், மண்கரை சில மணி நேரம்கூடத் தாங்காமல் போகலாம்.

ஐப்பசி மழைக்கு முன், மண் அணைகளில் அனுபவமுள்ள ஒரு பொறியாளரைக் கொண்டு கரையையும் கலிங்கின் அளவையும் சோதித்துவிடுங்கள். கீழே உள்ள வீட்டாரிடமும் அங்கன்வாடிப் பணியாளரிடமும் பேசி, நள்ளிரவில் நீர் ஏறினால் யார் யாரை எழுப்புவது, எந்த மேட்டுக்குப் போவது என்பதை இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.