பி.டி.ஏ.வை விட்டு விலகலாம், ஆனால் பணத்தை முதலில் தொடாதீர்கள்

கேள்வி: நியூ ஜெர்சியில் ஒரு அரசு தொடக்கப் பள்ளியில் என் இரண்டு பிள்ளைகளும் படிக்கிறார்கள். போன வருடம் அங்கே பி.டி.ஏ. (பெற்றோர்-ஆசிரியர் சங்கம்) பொருளாளர் ஆனேன். கணக்கில் சுமார் 38,000 டாலர் இருக்கிறது. அதில் பாதிக்கு மேல் புதிய விளையாட்டுத் திடலுக்கென்று வாக்கத்தானில் (நடந்து நிதி திரட்டும் நிகழ்ச்சி) திரட்டியது. "மாநிலத்துக்கும் தேசிய அமைப்புக்கும் எதற்குச் சந்தா கட்ட வேண்டும், நாமே பி.டி.ஓ. (தனித்து இயங்கும் பெற்றோர்-ஆசிரியர் அமைப்பு) ஆகிவிடலாம்" என்று எங்கள் தலைவரும் சில பெற்றோரும் சொல்கிறார்கள். வாட்ஸ்அப்பில் வாக்கெடுப்பு நடத்தினார்கள், பெரும்பாலானோர் சரி என்றார்கள். புதிய பெயரில் கணக்குத் திறந்து பணத்தை அதற்கு மாற்ற என் கையெழுத்து வேண்டுமாம். நான் எச்-4 விசாவில் (வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கான விசா) இருக்கிறேன். போடலாமா? நாளை பிரச்சினை வந்தால் என் தலையில் விழுமா?

பதில்: வணக்கம் சகோதரி. கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் தலைவர் தப்பானவர் என்று நான் சொல்லவில்லை, நல்ல எண்ணத்தோடு அவசரப்படுகிறவர்கள்தான் இந்த இடத்தில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். பி.டி.ஏ.வை விட்டு வெளியே வர யாருக்கும் தடை இல்லை, அமெரிக்காவில் எத்தனையோ பள்ளிகளில் நடந்திருக்கிறது. ஆனால் அந்த வழியில் பணம் கடைசியாகத்தான் நகரும், உங்கள் ஆட்கள் அதை முதலில் நகர்த்தப் பார்க்கிறார்கள்.

எங்கே சிக்கல் என்று சொல்கிறேன். பி.டி.ஏ. என்பது மூன்று அடுக்கு. உங்கள் பள்ளியில் இருப்பது கீழ் அடுக்கு, அதற்கு மேல் மாநில பி.டி.ஏ., அதற்கும் மேல் தேசிய பி.டி.ஏ. 1897 பிப்ரவரியில் வாஷிங்டனில் ஆலிஸ் பர்னி, ஃபீபி ஹர்ஸ்ட் என்ற இரண்டு பெண்மணிகள் கூட்டிய தாய்மார் மாநாட்டிலிருந்து வளர்ந்த அமைப்பு அது. 'பி.டி.ஏ.' என்ற பெயரே தேசிய அமைப்பின் பதிவு பெற்ற வணிக முத்திரை, அதில் சேர்ந்திருக்கிற பள்ளிக் கிளைகள், அதாவது யூனிட்கள், மட்டுமே அதைப் பயன்படுத்தலாம். பி.டி.ஓ.வுக்கு மேலே யாரும் கிடையாது. அந்தப் பள்ளிப் பெற்றோர் தாங்களே விதி எழுதி, தாங்களே நடத்துகிற தனி அமைப்பு அது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான், அதே கேக் விற்பனை, அதே புத்தகச் சந்தை, அதே இன்டர்நேஷனல் நைட். அதனால்தான் பலகையில் ஒரு எழுத்தை மாற்றினால் போதும் என்று தோன்றிவிடுகிறது. சட்டத்தின் கண்ணில் அவை வெவ்வேறு ஆட்கள். ஒருவர் பணத்தை இன்னொருவர் கணக்கில் போட, உரியவரின் முறையான சம்மதம் வேண்டும்.

அந்தச் சம்மதம் எப்படிக் கிடைக்கும் என்பது உங்கள் யூனிட்டின் துணை விதிகளில் இருக்கிறது. யாரோ ஒருவர் வீட்டு அலமாரியில் ஃபைலில் கிடக்கும், அல்லது மாநில அலுவலகத்தில் கேட்டால் அனுப்புவார்கள். அதைத் தேடி எடுங்கள், இன்றைக்கே. அதில் சில பிரிவுகளுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறியோ வேறு அடையாளமோ போட்டிருக்கும். அவை தேசிய, மாநில அமைப்புகள் கட்டாயமாக வைத்திருக்கச் சொன்ன பிரிவுகள், உங்கள் பெற்றோர் கூட்டம் நினைத்தாலும் நீக்க முடியாது. சாசனம் (யூனிட்டுக்குக் கொடுத்த அங்கீகாரம்) திரும்பப் பெறப்பட்டால் யூனிட் தன் கணக்குப் புத்தகங்கள், ஆவணங்கள், பணம், சொத்து எல்லாவற்றையும் மாநில பி.டி.ஏ.விடம் அல்லது அது காட்டுகிற இடத்தில் ஒப்படைக்க வேண்டும், பெயரைப் பயன்படுத்துவதை நிறுத்த வேண்டும், மாநிலத்தின் மேற்பார்வையில் கலைப்பு வேலைகளை முடிக்க வேண்டும் என்பது வழக்கமாக அங்கே இருக்கும். உங்கள் யூனிட் சேர்ந்தபோது ஒப்புக்கொண்ட நிபந்தனை இது. இதைப் படிக்காமல் 38,000 டாலரைப் புதிய கணக்குக்கு மாற்றிவிட்டு, பிறகு மாநில அலுவலகத்திலிருந்து வக்கீல் கடிதம் வந்தால், காசோலையில் கையெழுத்து யாருடையது என்றுதான் முதலில் பார்ப்பார்கள்.

வாட்ஸ்அப் வாக்கெடுப்புக்கு ஒரு மதிப்பும் இல்லை. அந்தக் குழுவில் இருக்கிற எல்லோரும் பி.டி.ஏ. உறுப்பினர் அல்ல, இந்த வருடச் சந்தா கட்டியவர்கள் மட்டுமே உறுப்பினர்கள், அவர்களுக்குத்தான் ஓட்டு. பொதுவாக நடைமுறை இப்படிப் போகும்: நிர்வாகக் குழு முதலில் கலைப்பைப் பரிந்துரைத்துத் தீர்மானம் போட வேண்டும், அதற்கென்றே ஒரு சிறப்புக் கூட்டம் கூட்ட வேண்டும், விதியில் சொன்ன நாட்களுக்கு முன்பே உறுப்பினர்களுக்கும் மாநிலத் தலைவருக்கும் எழுத்தில் அறிவிப்புப் போக வேண்டும், அப்புறம் வந்து ஓட்டுப் போடுகிறவர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். எத்தனை நாள், எவ்வளவு பங்கு என்பதை உங்கள் விதியில் பார்த்து அதன்படி செய்யுங்கள். மாநிலத்திலிருந்து ஒருவர் வந்து பேச விரும்புவார், பேசவிடுங்கள். அவர்களை ஒளித்துச் செய்கிற கூட்டம் பின்னால் செல்லாது என்று ஆகும்.

"அப்படியானால் கஷ்டப்பட்டுத் திரட்டிய பணம் போய்விடுமா" என்று உங்கள் தலைவர் கேட்பார். நியாயமான கேள்வி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். விளையாட்டுத் திடலுக்கென்று வாங்கிய பணம் திடலுக்கு மட்டும்தான். வாக்கத்தான் அறிவிப்பில் அப்படி எழுதியிருந்தால், பி.டி.ஏ. ஆனாலும் பி.டி.ஓ. ஆனாலும் மாநிலமே ஆனாலும் அதை வேறு எதற்கும் திருப்பக் கூடாது. அந்த நோட்டீஸைப் பத்திரமாக வையுங்கள், மாநில அலுவலகத்தோடு பேசும்போது உங்கள் கையில் இருக்கிற பெரிய பலம் அதுதான். கலைப்புப் பேச்சு தொடங்குவதற்கு முன்பே, உறுப்பினர்கள் ஏற்கெனவே அங்கீகரித்த பட்ஜெட்டின்படி திடலுக்கான தொகையைப் பள்ளிக் கல்வி வாரியத்துக்கு நன்கொடையாகக் கொடுத்து, வாரியம் தன் கூட்டத்தில் தீர்மானம் போட்டு ஏற்றுக்கொண்டால் அது நேரான செலவு. பணம் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, யாரும் கேள்வி கேட்க இடமில்லை. அதையே, விலகப் போகிறோம் என்று முடிவெடுத்த பிறகு கஜானாவைக் காலி செய்வதற்காக அவசர அவசரமாகச் செய்தால் கண்ணுக்கு வேறு மாதிரி தெரியும். அந்தக் கட்டத்தில் மாநில பி.டி.ஏ.விடம் எழுதிக் கேட்டு, ஒப்புதலோடு செய்யுங்கள். பல நேரம் அவர்கள் ஒத்துக்கொள்வார்கள், ஒரு பள்ளிப் பிள்ளைகளின் திடல் பணத்தைப் பிடித்துவைப்பதில் அவர்களுக்கும் நல்ல பெயர் இல்லை.

புதிய பி.டி.ஓ. பூஜ்யத்திலிருந்து தொடங்கட்டும். நியூ ஜெர்சியில் லாப நோக்கமற்ற நிறுவனமாகப் பதிய 75 டாலர், குறைந்தது மூன்று அறங்காவலர்கள் வேண்டும். வரி அடையாள எண்ணை ஐ.ஆர்.எஸ். (மத்திய வரித் துறை) தளத்திலேயே இலவசமாக வாங்கலாம், காசு கேட்கிற தளங்கள் பக்கம் போகாதீர்கள். பழைய பி.டி.ஏ.வின் எண்ணைப் புதிய அமைப்புக்குப் பயன்படுத்தவே கூடாது.

அடுத்தது வரிவிலக்கு. பல மாநிலங்களில் பள்ளி யூனிட்டுகளுக்குத் தனியாக 501(சி)(3) கடிதம், அதாவது வரிவிலக்குக் கடிதம், இருக்காது, மாநில பி.டி.ஏ. எல்லா யூனிட்டுகளுக்கும் சேர்த்து வாங்கிய குழு விலக்கின் கீழே இருப்பார்கள். உங்களுடையது எது என்று கோப்பில் பாருங்கள். குழு விலக்கு என்றால், வெளியே வந்த நாளிலிருந்து அந்த நிழல் இல்லை. புதிய அமைப்பு ஆண்டுக்கு 50,000 டாலருக்கு மேல் வரவு எதிர்பார்க்கவில்லை, சொத்தும் 2,50,000 டாலரைத் தாண்டவில்லை என்றால் 1023-ஈஸி என்ற சுருக்கப் படிவம் போடலாம், கட்டணம் 275 டாலர். அதற்கு மேல் என்றால் முழுப் படிவம் 1023, கட்டணம் 600 டாலர். அமைப்பு தொடங்கி 27 மாதங்களுக்குள் போட்டுவிட்டால் விலக்கு தொடங்கிய நாளிலிருந்தே செல்லும். அதுவரை காத்திருக்காமல் உடனே போடுங்கள், காரணம் இருக்கிறது. உங்கள் பள்ளியில் நம் ஊர்ப் பெற்றோர் பலர் ஐ.டி. கம்பெனிகளில் இருப்பார்கள். நாம் நூறு டாலர் கொடுத்தால் கம்பெனியும் நூறு கொடுக்கிற திட்டங்கள் எல்லாம், அமைப்பின் வரி எண்ணை வைத்து ஐ.ஆர்.எஸ். பட்டியலில் தேடித்தான் பணம் விடுவிக்கின்றன. பட்டியலில் இல்லாத பி.டி.ஓ.வுக்கு அந்தப் பாதி வராது.

விலக்கு கிடைத்த பிறகு வருடாவருடம் கணக்குக் காட்ட வேண்டும். வரவு 50,000 டாலருக்குள் என்றால் 990-என் என்ற மின் அட்டை போதும், பத்து நிமிட வேலை. ஜூன் 30ல் வருடம் முடிகிற அமைப்புக்கு நவம்பர் 15 கடைசித் தேதி. மூன்று வருடம் தொடர்ந்து போடாமல் விட்டால் விலக்கு தானாகவே ரத்தாகும். தனி பி.டி.ஓ.க்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். பொருளாளர் மாறுவார், பழையவர் கடவுச்சொல்லோடு வேறு ஊருக்குப் போய்விடுவார், நினைவூட்ட மேலே யாரும் இல்லை. கலைகிற பி.டி.ஏ.வுக்கும் கடைசிக் கணக்கு உண்டு, அதையும் விட்டுவிடாதீர்கள்.

இன்டர்நேஷனல் நைட்டில் ஃபிஃப்டி-ஃபிஃப்டி குலுக்கல் (வசூலில் பாதி வென்றவருக்கு, பாதி சங்கத்துக்கு) நடத்துகிறீர்களா? நியூ ஜெர்சியில் அதற்கு லீகலைஸ்ட் கேம்ஸ் ஆஃப் சான்ஸ் கன்ட்ரோல் கமிஷன் என்ற மாநில ஆணையத்தில் அமைப்பைப் பதிவு செய்து, நகராட்சி எழுத்தரிடம் உரிமமும் வாங்க வேண்டும். பி.டி.ஏ. பெயரில் இருக்கிற பதிவைப் புதிய அமைப்பு தூக்கிக்கொண்டு போக முடியாது.

உங்கள் தலையில் விழுமா என்று கேட்டீர்கள். 1997ல் வந்த மத்திய தன்னார்வலர் பாதுகாப்புச் சட்டம், சம்பளமில்லாமல் லாப நோக்கமற்ற அமைப்புக்கு வேலை செய்கிறவரைச் சாதாரணக் கவனக்குறைவுக்கான பொறுப்பிலிருந்து காக்கிறது. நியூ ஜெர்சியில் அறக்கொடை விலக்குச் சட்டம் ஒன்றும் உண்டு, கல்வி நோக்கமுள்ள அமைப்பின் சேவையைப் பெறுகிறவர் அதன் மேல் கவனக்குறைவு வழக்குப் போடுவதை அது கட்டுப்படுத்துகிறது. ஆனால் தெரிந்தே விதியை மீறிப் பணத்தை நகர்த்துவது கவனக்குறைவு ஆகாது, இந்த இரண்டு சட்டமும் அங்கே துணைக்கு வராது. இப்போது உங்களுக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்பதால் இதை அழுத்தியே சொல்கிறேன்.

எச்-4 விசாவில் சம்பளமில்லாத பொருளாளராக இருப்பதில் தவறில்லை. எப்போதுமே தன்னார்வலர்கள் செய்கிற, காசு வாங்காத பொறுப்பு வேலையாகக் கருதப்படாது. கைச்செலவுக்கு ரசீது வைத்துப் பணம் திரும்ப வாங்குங்கள், அதற்கு மேல் அன்பளிப்புத் தொகை என்று எதையும் வாங்காதீர்கள். விசாவில் இருக்கிறவருக்கு உண்மையான ஆபத்து வேறு. சங்கப் பணத்தை எடுத்துவிட்டார் என்று யாராவது போலீசில் புகார் கொடுத்தால், குற்றம் நிரூபணமாகாவிட்டாலும் அடுத்த விசா நேர்காணலிலும் கிரீன் கார்டு விண்ணப்பத்திலும் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். குடியுரிமை உள்ள உங்கள் தலைவருக்கு இது தலைவலி, உங்களுக்கு இதில் குடும்பமே இருக்கிறது. இதை அவரிடம் நேரடியாகச் சொல்ல வெட்கப்படாதீர்கள்.

விலகத்தான் வேண்டுமா என்பது நீங்கள் கேட்காத கேள்வி, ஆனாலும் ஒன்று சொல்கிறேன். சந்தாவில் மேலே போகிற பங்கு ஒரு குடும்பத்துக்குச் சில டாலர்தான். அதற்குப் பதிலாகக் கிடைப்பதைக் கணக்குப் போட்ட பிறகு ஓட்டுப் போடுங்கள். தனியாக நின்றால் பொறுப்புக் காப்பீடு, நிர்வாகிகளுக்கான காப்பீடு, பணம் கையாளுகிறவர்கள் மோசடி செய்தால் ஈடு கொடுக்கிற உத்தரவாதப் பத்திரம் எல்லாவற்றையும் நீங்களே விலை பேசி வாங்க வேண்டும், காப்பீட்டுச் சான்று காட்டாமல் பள்ளி மாவட்டம் அரங்கத்தைத் தராமல் போகலாம். 1969லிருந்து நடக்கிற ரிஃப்ளெக்ஷன்ஸ் கலைப் போட்டிக்கும் பி.டி.ஏ. உள்ள பள்ளிப் பிள்ளைகள்தான் போக முடியும். நடன அமைப்பு, இசையமைப்பு, எழுத்து என்று பிரிவுகள் உண்டு, பரதம் கற்கிற நம் பிள்ளைகள் தாங்களே ஒரு நடனம் அமைத்து அனுப்புகிற இடம் அது. இன்னொரு பக்கம், மேலே இருப்பவர்கள் எடுக்கிற கல்விக் கொள்கை நிலைப்பாடுகள் உங்கள் பெற்றோருக்குப் பிடிக்கவில்லை, படிவங்களும் பயிற்சிகளும் பாரமாக இருக்கின்றன, எல்லா டாலரும் பள்ளிக்குள்ளேயே நிற்க வேண்டும் என்றால் பி.டி.ஓ. நல்ல முடிவுதான். வருடாவருடம் கணக்கைக் கையில் எடுக்க ஆள் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். என் கருத்தில், அப்படி மூன்று பேர் கிடைக்காத பள்ளி பி.டி.ஏ.விலேயே இருப்பது நல்லது.

இன்று இரவே தலைவருக்கு, செயலாளரையும் சேர்த்து, மின்னஞ்சல் அனுப்புங்கள். வாட்ஸ்அப் வேண்டாம். இப்படி எழுதலாம்: "துணை விதிகளின்படி சிறப்புக் கூட்டமும் உறுப்பினர் வாக்கெடுப்பும் நடந்து, மாநில பி.டி.ஏ.வுக்கு எழுத்தில் அறிவிப்பும் போகும் வரை, பி.டி.ஏ. கணக்கிலிருந்து அங்கீகரிக்கப்பட்ட பட்ஜெட் செலவுகளைத் தவிர வேறு எதற்கும் நான் கையெழுத்திட இயலாது. இந்த மின்னஞ்சலை அடுத்த கூட்டக் குறிப்பில் சேர்க்கவும்." அனுப்பிய பிறகு வங்கியிலிருந்து இந்த மாதம் வரையிலான அறிக்கைகளை இறக்கி ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள், வங்கிக் கணக்கில் யார் யாருக்குக் கையெழுத்து அதிகாரம் இருக்கிறது என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். துணை விதிகள் கிடைத்ததும் கலைப்புப் பிரிவை மட்டும் படம் எடுத்து அனுப்புங்கள், எத்தனை நாள் அறிவிப்பு வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.